பதினேழாம் இலக்கத்து முடி

அந்தக் கடிதம் சிங்களத்தில் வந்திருந்தது. அன்றைக்கு எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்களில் அதைத் தடுமாறாமல் வாசிக்கக்கூடியவள் நான்தான். ஆகவே எங்கள் கழிவறைகளைப் பற்றி ஓர் அலுவலகம் என்ன நினைக்கிறது என்பதை எல்லோருக்கும் உரக்கச் சொல்லும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

மஸ்கெலியா நீர்த்தேக்கத்தின் ஒரு கிளை எங்கள் லயத்துக்குக் கீழே வந்து முடிகிறது. நாங்கள் அதை டேம் என்றுதான் சொல்வோம். அந்த வருடம் எங்கள் பக்கத்துத் தண்ணீர் மட்டும் கெட்டியான பச்சையாக மாறி, மீன்கள் செத்து மிதந்தன. கடிதத்தின் சாரம் இதுதான்: தண்ணீர் கெட்டதற்கு லயத்து மக்களின் மலக்கழிவே காரணம் என்று கருதப்படுகிறது. ஆகவே டேமுக்கு மேலேயுள்ள சரிவில் இவர்களுக்குத் தனி வீடு கட்ட ஒதுக்கிய காணிகளை இப்போதைக்குக் கொடுக்க முடியாது.

குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம், ஒரு சின்ன வீட்டுக்கு மட்டும் போதும். மற்றவர்களுக்கு அது ஒரு காணியாகவே தெரியாது. ஆனால் ஒரே காம்பராவில், லயத்தின் ஒற்றை அறையில் பிறந்து, அதிலேயே பிள்ளை பெற்று, அதிலேயே செத்துப்போன சனத்துக்கு அது என்ன என்று நான் விளக்கப்போவதில்லை. அதில் ஒரு துண்டு என் அம்மாவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மா, பட்டியலில் தன் பெயர் வந்த நாளிலிருந்து பொழுதுபோனால் அந்தச் சரிவில் போய் நின்றுவிட்டு வருவாள்.

நான் வாசித்து முடித்ததும் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்ப நம்ம பேண்டுதான் மீனு செத்துச்சுன்னு சொல்றாங்களா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"எழுதுனவரு வந்து பாத்தாரா?"

யாரும் வந்து பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடிதத்தைக் கிழித்தே போட்டிருப்பேன். சித்தப்பா அதைப் பக்குவமாக என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தண்ணீரைத்தான் நான் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் என் தலைப்பு, இந்த நீர்த்தேக்கத்தில் எது எதைத் தின்று வாழ்கிறது என்பது. மீனின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் அது கடைசியாகத் தின்றது மட்டும்தான் தெரியும். அதன் சதையைக் காயவைத்துப் பொடித்து, அரிசி மணியளவு தகரச் சிமிழில் அடைத்து, வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பினால், மாதக்கணக்காக அது எதைத் தின்று வளர்ந்தது என்று அங்குள்ள இயந்திரம் சொல்லிவிடும்.

இதில் மாயமில்லை. நைதரசனிலும் காபனிலும் எடை சற்றுக் கூடிய வகை ஒன்று இருக்கிறது. சமதானி, ஆங்கிலத்தில் ஐசோடோப், என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஓர் உயிர் இன்னோர் உயிரைத் தின்னும்போது லேசான நைதரசன் கழிவோடு வெளியேறும், கனமானது உடம்பில் தங்கும். பாசியைவிடப் பாசி தின்னும் நத்தையில் அது கூட, நத்தை தின்னும் மீனில் இன்னும் கூட. காபன் அப்படி ஏறாது. ஆனால் அது அடிப்படைச் சாப்பாடு எந்தச் செடியிலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். நெல், கோதுமை, தேயிலை எல்லாம் காபனை ஒரு விதமாக எடுக்கும். சோளமும் கரும்பும் மலைச்சரிவில் வளரும் மானாப்புல்லும் வேறு விதமாக எடுக்கும். ஏணியில் எந்தப் படி என்பதை நைதரசன் சொல்லும், அது எந்த வீட்டு ஏணி என்பதைக் காபன் சொல்லும்.

சித்தப்பா விடியற்காலையில் டேமில் வலை போட்டுவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலை ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போகிறவர். என் திலாப்பியாக்களையும் நத்தைகளையும் அவர்தான் பிடித்துத் தந்தார். ஐஸ் போட்ட ரிஜிபோம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் ஹட்டன் பஸ்ஸில் போவேன். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டும். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோவார்கள். எனக்கு எப்போதும் வசதியான இருக்கை கிடைத்தது.

கடிதம் வந்த மறு வாரமே வெளிநாட்டிலிருந்து முடிவுகள் வந்தன. நான் ஆசையோடு நைதரசன் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன். எங்கள் பக்கத்து மீனிலும் நத்தையிலும், நீர்த்தேக்கத்தின் மற்றக் கிளைகளைவிட ஒரு படி கூடுதலாகக் கனமான நைதரசன் இருந்தது. மலக்கழிவு கலந்த தண்ணீரில் இப்படித்தான் வரும். இந்தத் துறையில் முதல் மாதம் படிக்கிறவளுக்கும் இது தெரியும்.

என் சொந்த ஆராய்ச்சியே எங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. எனக்கு அவமானமாக இருந்தது. கணினியை மூடிவிட்டு இரண்டு நாள் அதைத் திறக்கவில்லை. பயந்தது மட்டுமில்லை, அந்த முடிவைச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதை இங்கே மறைப்பதில் அர்த்தமில்லை.

மூன்றாம் நாள் காபன் பக்கத்தைத் திறந்தேன். ஒரே குளறுபடி. எங்கள் பக்கத்து மீனின் காபன் பாசியோடும் சேரவில்லை, தேயிலைச் சருகோடும் சேரவில்லை. ஆய்வுகூடத்தில் எவரோ சிமிழ்களை மாற்றிப்போட்டுவிட்டார்கள் என்று முடிவு செய்து ஒரு காரசாரமான மின்னஞ்சல் அனுப்பினேன். என் ஆங்கிலம் கோபம் வந்தால்தான் சரளமாக ஓடும். அங்கிருந்து ரொம்ப மரியாதையாகப் பதில் வந்தது: திரும்பவும் ஓட்டிப் பார்த்தோம், அதே எண்தான்.

சரி, மானாப்புல்லாக இருக்குமோ என்று பார்த்தால், அது எல்லாக் கிளைகளின் மேலும்தான் வளர்ந்து கிடக்கிறது. மாட்டுச் சாணமா என்றால், தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிஷனில் மாடே இல்லை. அன்று மாலை சித்தப்பா வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தார். நான் என் புலம்பலை அவரிடம் கொட்டினேன். அவர் கையிலிருந்த திலாப்பியாவின் குடலைக் கத்தி நுனியால் பிதுக்கினார். மஞ்சள் நொய் வந்தது.

"இது என்னா சித்தப்பா?"

"கோழித் தீனி. சோளம் அரைச்சது. மேல ரோட்டோரம் கோழிக் கூடு மூணு கட்டியிருக்காங்கல்ல, மழை பெஞ்சா எல்லாத்தையும் கழுவி ஓடையில விட்டுடுறாங்க. அந்த ஓடை நம்ம பக்கந்தான வருது."

"எவ்வளவு நாளா தெரியும் உங்களுக்கு?"

"எல்லாருக்குந்தான் தெரியும் புள்ள. நீ கேக்கலியே. ஆபீசுல போய்ச் சொன்னா மட்டும் நம்ம பேச்ச யாரு எடுப்பா?"

எனக்குச் சிரிப்பு, அழுகை, ஆத்திரம் எல்லாம் ஒன்றாக வந்தன. வருடக்கணக்கில் படித்து, இயந்திரத்துக்கு அனுப்பி, அந்த இயந்திரத்தோடு சண்டையும் போட்டுக் கண்டுபிடித்ததை வலை போடுகிறவர்கள் பீடி குடித்தபடி பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கோழி எச்சத்திலும் கனமான நைதரசன் ஏராளம். மலமும் எச்சமும் நைதரசனில் ஒன்றுபோலத் தெரியும். சோளம் மட்டும்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

மறுநாளே என் மேற்பார்வைப் பேராசிரியையிடம் ஓடினேன். நாங்கள் எல்லோரும் அவரை மெடம் என்போம். சிங்களப் பெண்மணி, யாருக்கும் சலுகை காட்டாதவர். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் மக்கள் சோளம் தின்பதில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றார்.

"நாங்கள் சோறும் ரொட்டியும்தான் சாப்பிடுகிறோம், மெடம்."

"அது நீ சொல்வது. உன் அம்மாவுக்கு அதில் காணி இருக்கிறது. நீ சொன்னால் எடுபடாது. அவர்கள் உடம்பு சொல்லட்டும்."

உடம்பு சொல்வதென்றால் முடிதான். மனிதர் எதைச் சாப்பிட்டாலும் அது முடியில் பதிந்துவிடும். ஒரு சிட்டிகை போதும். இன்னொன்றும் மெடம் சொன்னார். யாருடைய முடி எந்த இலக்கம் என்ற பட்டியலை அவரே எழுதி உறையிலிட்டு ஒட்டிவைப்பார், நாங்கள் ஆட்சேபித்ததால் அந்த அலுவலகம் வைக்கவிருந்த விசாரணைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும்தான் திறப்பார். நான் புள்ளிகளை மட்டும் பார்க்கலாம். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி.

ஒரு சிட்டிகை முடி கேட்டு லயத்தில் வீடு வீடாகப் போனேன். யாரும் தரவில்லை. என்னோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவள், கதவை அரைவாசி சாத்திக்கொண்டு, "முடிய எல்லாம் குடுக்க ஏலாதுடி. யாரு கையிலயாச்சும் சிக்கி சூனியம் வச்சிட்டா?" என்றாள். நான் கத்தினேன். காணி போகப்போகிறது, இவளுக்குச் சூனியம் கேட்கிறது என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அவ சொல்றது சரிதானே," என்றாள். "வீட்டுல வந்து முடி கேட்டா எவ தருவா? திருவிழா வரட்டும். கோயில்ல ஆத்தாளுக்குக் குடுத்த முடிய வச்சு எவனும் ஒன்னும் புடுங்க முடியாது. அது அவளோடது."

அந்த வருட மாரியம்மன் திருவிழாவில் எங்கள் கோயிலில் விழுந்த அளவு முடி அதற்கு முன் எந்த வருடமும் விழுந்ததில்லை. ஆண்களும் பிள்ளைகளும் மொட்டை போட்டார்கள். பெண்கள் பூமுடி கொடுத்தார்கள், அதாவது கத்தரிக்கோலால் மூன்று வெட்டு மட்டும். மெடமே நேரில் வந்து, பாதிச் சிங்களமும் பாதிச் சைகையுமாகப் பேசி, ஒவ்வொருவரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கிப் பட்டியல் எழுதினார். முதலில் கொடுத்தவள் நான், அதனால் முதலாம் இலக்கம் யாரென்று மட்டும் எனக்குத் தெரியும். பிறகு அந்தப் பக்கமே வரக்கூடாது என்று என்னைத் துரத்திவிட்டார்கள். நான் பின்னால் நின்று பானக்கம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பொதிகளைப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. எல்லாமே மஞ்சளும் சிவப்புமாக இருந்தன. கோயிலிலிருந்து ஒரு பொருள் வெறுமனே வெளியே போகலாமா? பூசாரி ஒவ்வொரு பொதியையும் திறந்து முடியில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனம் தடவி, திருநீறு போட்டு, குங்குமம் வைத்து மடித்திருந்தார். மஞ்சளும் செடி, சந்தனமும் மரம். அத்தனையும் காபன், முடியின் கணக்கையே கெடுத்துவிடும்.

"நீங்கள் தடுக்கவில்லையா, மெடம்?"

"நான் அதுவும் சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்தேன்," என்றார். பிறகு ஒரு பொதியை மூக்கருகே கொண்டுபோனார். "என் ஆய்வுகூடத்துக்கு இவ்வளவு வாசமான மாதிரி வந்ததே இல்லை."

பூசாரியிடம் போய்ச் சண்டை பிடிக்கலாம் என்று கிளம்பினேன். அவர் என்னைப் பார்த்ததும், "ஆராய்ச்சிக்குப் போற முடி, நல்லபடியா போய்ட்டு வரணும்னு வேண்டி அனுப்பியிருக்கேன் தாயி," என்றார். வாயில் வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டேன். அடுத்த இரண்டு வாரம் கரைப்பானில் முடியை இழை இழையாகக் கழுவினேன். கழுவக் கழுவ மஞ்சள் வந்தது.

கடையில் வாங்கிய கோழித் தீனி, கோழிக் கூட்டு வடிகாலின் சேறு, எங்கள் அரிசி, கோதுமை மா எல்லாவற்றையும் முடியோடு சேர்த்து அனுப்பினேன். முடிவு வந்த அன்று புள்ளிகளை வரைபடத்தில் ஒவ்வொன்றாக வைத்தேன். எங்கள் முடிகள் எல்லாம் அரிசியும் மாவும் இருக்கிற பக்கம் ஒரு குடும்பம் போல நெருக்கியடித்து நின்றன. தேத்தண்ணீருக்குப் போடும் சீனியும், எப்போதாவது தின்னும் கோழிக் கறியும் சோளத்துப் பக்கம் கொஞ்சம் இழுத்திருந்தன, அவ்வளவுதான். எங்கள் பக்கத்து மீன்களோ தீனியும் சேறும் இருக்கிற பக்கம் சாய்ந்து கிடந்தன. நான் நாற்காலியிலிருந்து எழுந்து ஆய்வுகூடத்தில் தனியாகக் குதித்தேன்.

குதித்து முடித்துவிட்டுத்தான் பதினேழாம் இலக்கத்தைப் பார்த்தேன். எங்கள் கூட்டத்தை விட்டு விலகி, சோளத்துப் பக்கம் வெகுதூரம் போய் நின்றது அந்த ஒரு முடி. நைதரசனிலும் மற்றவர்களைவிட உயரத்தில் இருந்தது. யார் இந்த ஆள்? லயத்தில் யார் கோழித் தீனி தின்கிறார்? மெடத்திடம் கெஞ்சினேன். உறையைத் திறக்க மறுத்துவிட்டார்.

"அந்தப் புள்ளியை எடுத்துவிடட்டுமா?"

"எடுத்தால் நீ ஆராய்ச்சிக்காரி இல்லை. அப்படியே இருக்கட்டும்."

கூட்டம் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் லயத்தில் பாதிப் பேர் வந்து பின்வரிசைகளை நிறைத்திருந்தார்கள். கோழிக் கூட்டுக்காரர் முன்வரிசையில் இருந்தார். யாரைக் கண்டாலும் நின்று நலம் விசாரிக்கிற மனிதர், அன்றைக்கும் அம்மாவிடம் விசாரித்தார். கடிதத்தில் கையெழுத்திட்ட அதிகாரி நடுவில் இருந்தார். நான் சிங்களத்தில் விளக்கினேன். யாரும் கேட்காமலே அதைத் தமிழிலும் திரும்பச் சொன்னேன்.

அதிகாரி கூர்மையான ஆள். வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முதலில், "நீங்கள் அந்த லயத்தைச் சேர்ந்தவரா?" என்று கேட்டார்.

"ஆமாம். முதலாம் இலக்கம் என் முடி."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து பதினேழாம் புள்ளியில் விரலை வைத்தார்.

"இது மனித முடிதானே? லயத்து முடிதானே? இது சோளத்துப் பக்கம் நிற்கிறதே. அப்படியானால் உங்கள் மக்களும் சோளம் சாப்பிடுகிறார்கள்."

அம்மா தன் காணியில் நிற்கும் கோலம் கண்ணுக்குள் வந்தது. மெடம் நிதானமாக உறையைக் கிழித்து, பட்டியலை விரித்து, விரலால் கீழே இறங்கிப் பதினேழில் நிறுத்தினார்.

"ஆண் குழந்தை. ஒரு வயது. முதல் மொட்டை."

சுவரோரமாக இருந்த மிட்வைஃப் எழுந்தார். எங்கள் டிவிஷனுக்கு மாதாமாதம் வருகிற சிங்களப் பெண். "சேர்," என்றார், "கிளினிக்கில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சத்துமா சோளத்தில் செய்தது. நான்தான் கொடுக்கிறேன். அரசாங்கம்தான் அனுப்புகிறது."

பின்னாலிருந்து, குழந்தையை இடுப்பில் வைத்திருந்த தாய் எட்டிப் பார்த்தாள். ஏதோ குற்றம் நடந்துவிட்டது போல அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஒரு கரண்டிகூட வீணாக்கல மிஸ். காலையிலயும் அந்தியிலயும் உருண்டை புடிச்சு ஊட்டுறேன். பாலும் குடுக்குறேன்."

பால்! எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை தாயையே உண்டு வளர்கிறது. அதனால்தான் நைதரசன் ஏணியில் அவன் தாயைவிட ஒரு படி மேலே நிற்கிறான். நான் மைக்கைப் பிடுங்காத குறையாக எடுத்தேன்.

"லயம் முழுக்கச் சோளம் தின்கிறவர் ஒரே ஒருவர்," என்றேன். "அவரையும் இயந்திரம் பிடித்துவிட்டது. அவருக்கு ஒரு வயது. டேமை அவர்தான் கெடுத்தார் என்று நீங்கள் எழுதுவதானால் எழுதுங்கள்."

முதலில் மிட்வைஃப் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. அதிகாரி தன் விரலைப் புள்ளியிலிருந்து எடுத்து, என்னைப் பார்த்து, "ஹரி," என்றார். சரி என்று அர்த்தம். வரைபடத்தின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கித் தன் கோப்பில் வைத்தார். கோழிக் கூட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்குள் கூடுகளுக்குப் பின்னால் கழிவுக் குழி வெட்டவேண்டும் என்று அங்கேயே முடிவானது. எங்களைப் பற்றிய கடிதம் இன்னொரு கடிதத்தால் வாபஸானது. அதையும் நான்தான் வாசித்தேன், இந்த முறை மூன்று தரம், ஒவ்வொரு தரமும் முந்தியதைவிட உரக்க.

கூட்டம் முடிந்து மஸ்கெலியா பஸ்ஸில் திரும்பும்போது, அம்மா முன் இருக்கையிலிருந்த முன்பின் தெரியாத பெண்ணின் தோளைத் தட்டினாள். "எங்க பீயில சோளம் இல்லன்னு எம்மக ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சிட்டா," என்றாள். பஸ்ஸில் ஓடிய பாட்டையும் மீறி எல்லோருக்கும் கேட்டது. மற்ற நாளாக இருந்தால் இருக்கைக்கு அடியில் ஒளிந்திருப்பேன். அன்றைக்கு எழுந்து கும்பிடு போடாததுதான் குறை.

சில மாதங்களில் நில அளவையாளர் வந்து சரிவில் முளை அடித்தார். ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டு, வீட்டுப் படத்தைக் காட்டி, எது எங்கே வரவேண்டும் என்று விசாரித்தார். எல்லோரும் சாமி அறையையும் குசினியையும் பற்றிப் பேசினார்கள். அம்மாவின் முறை வந்தது. தன் ஏழு பேர்ச்சஸுக்குள் இறங்கி, டேம் பக்கமாக நடந்து, விளிம்பில் போய் நின்றாள்.

"கக்கூசு இங்க வரணும் ஐயா."

"இங்கயா? முன்பக்கமாச்சேம்மா. எல்லாரும் கக்கூச பின்னுக்குத்தான் வைப்பாங்க."

"குழிய நல்லா தள்ளி, மேல, ஆழமா வெட்டிக்கலாம். கதவு மட்டும் டேமப் பாத்து இருக்கணும். இத்தன பேரு கூட்டம் போட்டுப் பேசுன கக்கூசு, அத எதுக்கு நான் பின்னால ஒளிச்சு வைக்கணும்?"

நில அளவையாளர் சிரித்துக்கொண்டே, அம்மா நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு சின்னச் சதுரம் போட்டார். அந்தக் காகிதத்தின் மேல்மூலையில், உரிமையாளர் என்ற இடத்தில், அம்மாவின் பெயர் இருந்தது.